ஆரத்திச் சிவப்பு

என் வீட்டுக்காரர் கிரகோரிக்குக் கடைக்குப் போய் ஒழுங்காக ஒரு சீப்பு வாங்கத் தெரியாது. கடைக்காரன் எதைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் படம் வரையும் சாமான் என்று வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். ஒரு பேஸ்டல் குச்சியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டுவார், மேஜையில் தட்டி ஓசை கேட்பார், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒருமுறை சிங்கப்பூர்க் கடையொன்றில் அவர் இப்படி முகர்ந்துகொண்டே நின்றதில் கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போனது.

அப்போது சாமான் இருந்தது, பொறுக்கி எடுத்தார். ஜப்பான்காரன் மலாயாவில் எங்கள் மூவாருக்குள் வந்து இரண்டு வருஷம் ஆனபின் பொறுக்குவதற்கு என்ன இருந்தது? அரிசியே இல்லை. கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்திக் கிடந்தன. கொஞ்ச நாள் பூட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, பிள்ளைகளைக் கிழக்கே பார்த்துக் குனிய வைத்து, ஜப்பான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் பழையபடி படம் வரையச் சொல்லிக் கொடுத்தார். அதுவும் என்ன படம்? கொடிதான். எந்த வகுப்புக்குப் போனாலும் வெள்ளைக்கு நடுவில் சிவப்பு வட்டமாக ஜப்பான் சூரியன். இவர் பத்திரமாக வைத்திருந்த பழைய பேஸ்டல் பெட்டியில் முதலில் தீர்ந்தது சிவப்பு. மற்ற நிறங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் ராஜசேகரன் வந்தார். கல்வி இலாகாவில் ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கிராணி. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்தால் அது நல்ல சேதியாக இருந்ததில்லை.

"ஒளிக்காம சொல்லிடறேன் கிரகோரி சார். வாத்தியாருங்க அதிகமா இருக்காங்கன்னு அதிகாரி சொல்றாரு. கணக்குக்கு ஆள் வேணும், நிப்பொங்கோ பாஷைக்கு ஆள் வேணும். படம் போடச் சொல்லிக் குடுக்க ஒரு ஆம்பளை எதுக்குன்னு கேக்கறாரு."

"வேலை போனா என்ன ஆகும்?" என்று நான்தான் கேட்டேன். இவர் வாயைத் திறந்தால்தானே.

"வேலை இல்லாத ஆம்பளைங்க பேரைச் சயாமுக்குக் குடுக்கணும் லா. ரயில் பாதைக்கு இன்னும் ஆள் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க." அவர் என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துச் சொன்னார். "ஏப்ரல் கடைசியில சக்கரவர்த்தி பொறந்த நாள். பள்ளிக்கூடத்துல படக் காட்சி வைக்கச் சொல்றாரு. பிள்ளைங்க ஆளுக்கொரு கொடி வரையணும். அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்னாரு. நல்லா வரணும் சார், பார்த்துக்கோங்க."

அவர் போனதும் இவர் நேரே உள்ளே போய்ப் பேஸ்டல் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். சிவப்பு இருந்த பள்ளத்தில் தூள்கூட இல்லை.

மறுநாளிலிருந்து எங்கள் அடுப்பங்கரை பட்டறை ஆனது. கறுப்புக்குச் சிரட்டைக் கரி. வெள்ளைக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலக்கட்டி. பழுப்புக்குக் காசுக்கட்டி, அது ஒன்றுக்குத்தான் ஜோகூரில் பஞ்சமில்லை. இதையெல்லாம் இடித்துச் சலித்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து, திரித்து, நிழலில் காயப் போடவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்ட மூங்கில் குச்சியில் ஆட்டு மயிரைக் கட்டி பிரஷ் செய்தார். தாளுக்கு, மூடிக் கிடந்த ரப்பர் கம்பெனி ஆபீசிலிருந்து சொரசொரப்பான பழைய தாள்களைக் கேட்டு வாங்கி வந்தார். வழவழ தாளில் பேஸ்டல் நிற்காதாம். தின்பதற்கு வைத்திருந்த மாவு குச்சியாகப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கஞ்சி கூடினால் குச்சி கல்லாகிவிடுகிறது, குறைந்தால் கையிலேயே உதிர்கிறது. ஒவ்வொரு குச்சியையும் மேஜையில் தட்டி ஓசை கேட்டு, "இது சரியில்ல லூசி" என்று மறுபடி கரைக்கச் சொல்லி என் உயிரை வாங்கினார்.

சிவப்புதான் சிக்கவில்லை. செம்மண்ணில் செய்து பார்த்தோம், காய்ந்ததும் செங்கல் நிறம். "சூரியனுக்கு ரத்த சோகை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செம்பருத்தியை அரைத்தோம், கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. சிவப்பு மை மூவாரில் ஒரு கடையிலும் இல்லை. கோயிலில் குங்குமம் கேட்டுப் பார்த்தேன். இந்தியாக் கப்பல் நின்றதிலிருந்து விபூதி மட்டும்தான் என்றார் பண்டாரம்.

அப்போதுதான் எனக்கு ஆரத்தி ஞாபகம் வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் வீட்டில் பொட்டு கிடையாது. ஆனால் ஆரத்தி உண்டு. எனக்குக் கல்யாணமாகி மாதா கோயிலிலிருந்து வந்தபோது வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றித்தான் உள்ளே விட்டார்கள். மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைப் போட்டால் கண்ணெதிரே சிவக்குமே, அதைவிட என்ன சிவப்பு வேண்டும்? ஒரு கிண்ணத்தில் கலக்கிக் காட்டினேன். இவர் முகம் மலர்ந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை.

"அட, இது நம்ம வீட்லயே இருந்திருக்கு" என்றார்.

மாவில் பிசைந்து திரித்தோம். குச்சி வந்தது. தட்டினார், ஓசை சரி. முழங்கையில் இழுத்தார், பளிச்சென்று வந்தது. முகர்ந்தார், "ரசம் வாசனை" என்றார். நல்ல சாமானைத் தேர்ந்தெடுத்த பெருமை இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. ஆரத்தி நீரைச் சுற்றியதும் தெருவில் கொட்டிவிடுவோம். அது பிறகு என்ன நிறமாகிறது என்று எவள் நின்று பார்த்திருக்கிறாள்? நானும் பார்த்ததில்லை.

வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் இருந்தாள். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். போன வருஷம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்ற அவள் புருஷன் அய்யாவுவை அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்தில் வேலையும் நின்றது, அரிசிப் பங்கும் நின்றது. மூவாரில் சொந்தக்காரர் இருப்பதாக நம்பி வந்தாள், அவர்கள் இல்லை. எங்களோடு ஒட்டிக்கொண்டாள். கொல்லையில் மரவள்ளி போட்டது அவள்தான், அது இல்லாவிட்டால் நாங்கள் என்றோ போய்ச் சேர்ந்திருப்போம். கட்டியிருப்பது கிழிசல் சேலைதான், ஆனால் நெற்றியில் பெரிய பொட்டு இல்லாமல் அவளை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்திலிருந்து சண்டைக்கு முன் வந்த குங்குமம், ஒரு பித்தளைச் சிமிழில் வைத்திருந்தாள். அதுவும் மஞ்சளில் செய்வதுதானாம். அங்கே என்ன போட்டு எப்படிப் பக்குவம் செய்வார்களோ, எந்த வெயிலுக்கும் அசையாது. விரல் நுனியால் தொட்டு இழுத்துத் துளித்துளியாகச் செலவழித்தாள். அவள் புருஷனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பொட்டு இருக்கிறவரை அவனும் இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

காட்சிக்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம் இவர் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார்.

"லூசி, சூரியன் மஞ்சளாயிடுச்சு."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தாளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பிள்ளைகள் வரைந்த கொடிகளை வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கிண்ணத்திலும் குச்சியிலும் சிவப்பாக இருந்தது, தாளில் மெல்லிசாகப் பூசிக் காற்றும் வெயிலும் பட்டதும் மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. அதுவும் நல்ல மஞ்சளாகவா? பழைய பல்லின் மஞ்சள். முந்தின மாதம்தான் கொடியைக் கசங்கலாகத் தொங்கவிட்டதற்காக ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரை நாள் முழுக்க வெயிலில் முட்டி போட வைத்தார்கள். சக்கரவர்த்தி பிறந்தநாளில் வகுப்பு முழுக்க இப்படி ஒரு சூரியனைத் தொங்கவிட்டால் வேலையா போகும்? அதற்கு மேலேயும் போகும்.

"மத்த படத்தையெல்லாம்?"

"அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். என் பெட்டியைத் திறந்து பழைய கம்பளியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க அது?"

"சயாம் மலைப் பக்கம் ராத்திரியில குளிருமாம். ராஜசேகரன் சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, ஜப்பான்காரன்மேலா, மஞ்சள்மேலா என்று தெரியவில்லை. பேஸ்டல் பொறுக்கத் தெரிந்த கை அது. பென்சில் சீவும்போதே வெட்டிக்கொள்ளும். அந்தக் கை பாறை உடைக்கப் போகிறது, அதற்குக் கம்பளி ஒரு கேடு. பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

வெள்ளையம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைப் பார்த்தேன். அவள் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தாள், காலையில் வைத்த சிவப்பு அப்படியே இருந்தது. கேட்கக்கூடாது என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. புருஷனைச் சயாமுக்குக் கொடுத்தவளிடம் போய், என் புருஷன் போகாமலிருக்க உன் குங்குமத்தைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் எனக்கு அவர் வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நடந்தது அத்தனையும் சொல்லித்தான் கேட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எம்புட்டு வேணும் அக்கா?"

"எல்லாமே வேணும்போல இருக்கு. பிள்ளைங்க நிறைய."

கிழங்குத் தோலைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "வெறும் நெத்தியோட நின்னா, நானே அவரை அனுப்பி வச்ச மாதிரி இருக்கும் அக்கா" என்றாள்.

"வேணாம்மா, விட்ரு" என்று திரும்பிவிட்டேன். நிஜமாகத்தான் திரும்பினேன். அடுப்படி வரை போயிருப்பேன், பின்னாலேயே வந்து சிமிழை என் கையில் வைத்தாள்.

"எங்காளு மரம் வெட்டுன கை. எப்படியாச்சும் தாக்குப் புடிச்சிரும். உங்க வீட்டுக்காரரு மம்பட்டியை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு கேட்பாரு. போனா வரமாட்டாரு. எடுத்துக்குங்க."

சிமிழைக் கண்டதும் இவருக்கு யாருடையது என்று புரிந்துவிட்டது. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். முகரவில்லை, தட்டவில்லை. பிறகு மாவை இம்மியும் கூட்டாமல் குறைக்காமல் பிசைந்தார், பிசைந்த பாத்திரத்தைக்கூட விரலால் வழித்தார். பிள்ளைகளிடம், "மெதுவா, ஒரே பூச்சு, அழுத்தாதீங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழைய மஞ்சளை உதறிவிட்டு மேலே வரைய வைத்தாராம். பேஸ்டல் என்றால் தூள் உதிரத்தான் செய்யும். எப்போதும் தாளை வெளியே போய்த் தட்டச் சொல்பவர், இந்தமுறை எல்லாத் தாளையும் தன் மேஜையில் வைத்துத் தாமே தட்டினார். உதிர்ந்த தூளை ஒரு காகிதப் பொட்டலத்தில் சேர்த்து வந்தார். பொட்டலம் கனக்கவே இல்லை.

அந்த நாட்களில் வெள்ளையம்மா என்ன செய்தாள் தெரியுமா? எங்களிடம் மிச்சமிருந்த மஞ்சளையும் சுண்ணாம்பையும் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். காலையில் சிவப்பாக இருக்கும். கொல்லையில் வேலை செய்து வியர்த்தால் மத்தியானத்துக்குள் மஞ்சளாகிவிடும். அவளிடம் கண்ணாடி இல்லை. தண்ணீர்த் தொட்டியில் குனிந்து பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி குழைப்பாள். சுண்ணாம்பு தின்று நெற்றி புண்ணாகிவிட்டது. தொட்டியில் அவள் குனிவதைப் பார்த்தால் நான் வேறுபக்கம் போய்விடுவேன்.

காட்சி நடந்தது. அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாராம். ஒரு கொடி முன்னால் நின்று கட்டைவிரலால் சூரியனைத் தேய்த்துப் பார்த்தாராம். விரல் சிவப்பானதும் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாராம். தம் ஆபீசில் மாட்ட ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வகுப்பிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். என்ன சொன்னார், வேலை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து மழை பெய்த ஒரு மத்தியானம் இவர் அந்தப் படங்களையெல்லாம் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜன்னலைச் சாத்தினார். என் வெள்ளைத் துணி ஒன்றை மேஜையில் விரித்து, முதல் தாளை அதன்மேல் வைத்து, சவர பிளேடை எடுத்துச் சூரியனைச் சுரண்டத் தொடங்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கொடியைச் சுரண்டறீங்க! எவனாச்சும் பார்த்தா சயாம்கூட இல்ல, நேரா குழிதான்!"

"கத்தாத லூசி."

"உங்களைக் காப்பாத்த நான் எங்க போய் நின்னேன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் சுரண்டறேன்." கையை நிறுத்தவில்லை. "தட்டி எடுத்த தூள் பத்தல. இதெல்லாம் சேர்ந்தா சிமிழ்ல பாதியாச்சும் வரும்."

"பள்ளிக்கூடத்துல படம் எங்கேன்னு கேட்டா?"

"கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்றேன்."

இந்த மனுஷன் சுவர்க்கோழி கத்தினாலே எழுந்து உட்காருகிறவர். ராஜசேகரன் சைக்கிள் மணிக்கே வியர்க்கிறவர். பிளேடு பிடித்த அந்தக் கையிலிருந்து ஒரு தூள்கூட வெளியே சிந்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அரிவாள்மனையை ஒதுக்கிச் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

பாதித் தாள்கள் முடிந்திருக்கும், வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

இவர் அப்படியே உறைந்துவிட்டார். நான் துணியைத் தாள்களோடு சேர்த்து மேலாக மூடிவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து, அந்தச் சந்தில் என்னையே அடைத்துக்கொண்டு நின்றேன். ராஜசேகரன் மழையில் நனைந்து நின்றார்.

"நல்ல சேதிம்மா. சார் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. லிஸ்டுலேருந்து பேரை எடுத்தாச்சு." சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்தார். "அலமாக், என்னம்மா கையெல்லாம் சிவப்பு?"

விரல்கள், நகக்கண், உள்ளங்கை எல்லாம் சூரியன்.

"ஆரத்தி கரைச்சேன்" என்றேன். "வேலை நிலைக்கணும்னு."

அவர் என் கையை இன்னும் கொஞ்சம் பார்த்தார். வாசல் பக்கம் சாத்தியிருந்த ஜன்னலையும் பார்த்தார். "சேதி வர்றதுக்கு முன்னாடியே கரைச்சுட்டீங்க" என்றார். பிறகு தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, "கையை நல்லாக் கழுவிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

கதவைச் சாத்தி மறுபடி தாழ் போட்டேன். இவர் துணியை விலக்கி அடுத்த தாளை எடுத்தார்.

எல்லாம் முடிந்தபின் நடுவில் வெளிறிப்போன அந்தத் தாள்களை அடுப்பில் வைத்தேன். அன்றைக்குக் கிழங்கு அதில்தான் வெந்தது. தூளைச் சிமிழில் போட்டு இவரிடமே கொடுத்தேன். அவர் சாய்ப்பு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அம்மா, இந்தாங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினார். வெள்ளையம்மாவை அவர் அதற்குமுன் நேராகக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். மாவு கலந்ததில் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. விரலில் தொட்டாள். தொட்டிக்குப் போகவில்லை, பார்க்காமலே அந்தப் புண்ணான நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

மறுநாள் மழை விட்டு நல்ல வெயில். உச்சிப் பொழுதில் அவள் கொல்லையில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் போனேன். "வெள்ளையம்மா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தாள். வியர்வை வழிந்து கழுத்துவரை ஓடியிருந்தது.

பொட்டு சிவப்பாகவே இருந்தது.

"என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட வா" என்றேன்.